மூன்றாவது பலகை

மரக்காணம்
9-8-77

மகன் தட்சணாமூர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், பெருமுக்கலில் உன் தங்கை தையல்நாயகி நலம், வண்டியும் நலம். வண்டியை வேண்டுமென்றேதான் சேர்த்து எழுதுகிறேன். உன் நலத்தைக் கேட்டு எழுதுவது வழக்கம், நான் கேட்கவில்லை. வேலை கொடுத்த சேட்டு நல்லவர், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அறையில் மின்விசிறி இருக்கிறது என்று போன கடிதத்தில் நீயே நாலு பக்கம் எழுதியிருந்தாய். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன நலம் வேண்டும். தையல்நாயகிக்கு ஏழாம் மாசம், கால் வீங்கியிருக்கிறது, வளையல் போட அண்ணன் வருமா என்று கேட்டாள், தெரியாது என்று சொன்னேன். இங்கே ஒரு பொட்டு மழை இல்லை, உப்பு நன்றாக விளைகிறது, அது யாருக்கு விளைகிறது என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை நடுவில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போகாதே, உட்கார்ந்து கடைசிவரை படி.

வண்டி ரோட்டில் ஓடத் தகுதி என்கிற எஃப்.சி. கிடைத்துவிட்டது. நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததும் இதில் வரும், உனக்கு மட்டுமே தெரிந்ததும் வரும். உன் அப்பா இருபது வருஷம் உப்பளக்காரர் பக்தவச்சலத்துக்கு ஓட்டிய டாட்ஜ் கார் இது. அந்த ஆளுக்குப் புதுக் கார் வந்ததும் உப்புக் கொட்டகையில் கோழி அடையக் கிடந்ததை அப்பா கேட்டு வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அவர் போன பிறகு பெட்ரோல் விற்ற விலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும் என்று ஆனபோது, நீதான் டீசல் எஞ்சினை மாட்டினாய். பின்பக்கத்தை அறுத்து எடுத்து, அடிச்சட்டமான சேஸை இரண்டு அடி நீட்டி, மேலே மரக்கூண்டு கட்டி, இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாகப் பெஞ்சு போட்டுப் பன்னிரண்டு பேர் உட்காரும் வேனாக ஆக்கினாய். கீழே பலகை பாவினாய். பின்கதவிலிருந்து மூன்றாவது பலகையில் எனக்கென்று ஒரு முக்காலியை வைத்து நீயே ஆணி அடித்து இறுக்கினாய், ஏறி இறங்குபவர்களைப் பார்த்து டிக்கெட் கொடுக்க வசதியாக இருக்கும் என்று. செய்த மாற்றம் எல்லாம் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாகிவிட்டது, இனி வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி முத்திரை வாங்கினால் போதும் என்றாய். அந்த மாசமே பம்பாய்க்கு ரயில் ஏறினாய். மூன்று வருஷம் ஆகிறது. நான் அந்த முக்காலியில் மூன்று வருஷமாகத் தினமும் இரண்டு நடை உட்கார்ந்து போய்வருகிறேன்.

இந்த வண்டி யாருக்கு என்பதையும் நீ மறந்திருப்பாய், அதனால் அதையும் எழுதுகிறேன். உப்பு வாருகிற பெண்களைக் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டான். சேலை நனைந்திருக்கிறது, சீட்டு வீணாகும் என்பான். பக்தவச்சலத்தின் லாரியில்தான் மூட்டை மேல் நின்றுகொண்டு போவார்கள், பிடிக்க ஒரு கயிறு. அவர்களில் ஒருத்தியான பாஞ்சாலையின் தங்கை அந்தக் கயிறு அறுந்துதான் விழுந்தாள், பின் சக்கரம் இடுப்பில் ஏறியது. விழுந்தவள் சரியாகப் பிடிக்கவில்லை என்று எழுதி மூடினார்கள். நம் வண்டி வந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்து போகிறார்கள். உட்கார்ந்தால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியும், பார்த்தால் பேச்சு வரும், பேசிப் பேசித்தான் போன வருஷம் பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் குடிதண்ணீர்ப் பானையும் நிழலுக்கு ஒரு கீற்றுப் பந்தலும் கேட்டார்கள். பானை வந்தது, பந்தல் வரவில்லை. அன்றிலிருந்து பக்தவச்சலத்துக்கு இந்த வண்டியைக் கண்டால் ஆகாது. எஃப்.சி. தேதி ஆடி மாசத்தோடு முடிகிறது என்று தெரிந்துகொண்டு, 'இன்னா ஞானாம்பா, உன் கப்பல் இந்த வருசம் கரை ஏறுமா? ஏறலன்னா சொல்லு, என் லாரி இருக்குது' என்று கேட்டுவிட்டுப் போனான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

முதல் தடவை போனது போன மாசம் ஆறாம் தேதி. நம்மைப் பெயிலாக்கியது பக்தவச்சலம் இல்லை, நம் அப்பாவு. கடலுக்குப் போகிற அப்பாவுதான், அவன் பெண்சாதியின் மீன் கூடையைத் திரும்புகிற நடையில் ஏற்றிவருகிறோமே, அந்த நன்றிக்கு எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முந்தின நாள் வண்டிக்கடியில் படுத்து, படகுக்கு அடிக்கிற மீன் எண்ணெயை ஒரு டின் முழுக்கப் பூசிவிட்டான். உப்புக் காற்றுக்குத் துரு பிடிக்காது, அடி பளபளவென்று இருந்தால் ஆபீசர் மனசு குளிரும் என்று அவன் கணக்கு. இண்டு இடுக்கு விடாமல் பிரஷ்ஷை நுழைத்திருக்கிறான், சக்கரத்துப் பிரேக் டிரம்முக்குள்ளும் ஊற்றியிருக்கிறான். டவுன் மைதானத்தில் வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ மூன்று பூனை வந்து அடியில் உட்கார்ந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, 'ஏம்மா, இது வேனா கருவாட்டுக் கடையா' என்றான், சுற்றியிருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள். டிரைவர் மாயவன் வண்டியை ஓட்டிப் பிரேக்கை மிதித்தான், வண்டி நிற்கவில்லை, இன்னும் மிதித்தான், அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் டீக்கடைப் பெஞ்சை இடித்து நின்றது. பெஞ்சில் ஆள் இல்லை. திரும்பி வந்து அப்பாவுவைக் கேட்டால், 'எண்ணெ போட்டா எதுவும் நல்லாத்தான அண்ணி ஓடும்' என்கிறான். ஓடத்தான் ஓடியது என்றேன். பிரேக் லைனிங்கைப் பிடுங்கிப் புதுசு போட்டு, டிரம்மை மண்ணெண்ணெயில் கழுவி, மாயவனுக்கு நாலு நாள் கெட்டது. அதே மைதானத்தில் பக்தவச்சலத்தின் லாரி, பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருக்கிற அதே லாரி, டீக்கடை முன்னால் நின்ற இடத்திலிருந்து நகராமலேயே முத்திரை வாங்கிக்கொண்டு போனதையும் நான் பார்த்தேன்.

இரண்டாம் தடவை போனது இருபதாம் தேதி. பாஞ்சாலையும் காலில் உப்புப் புண்ணுக்கு மருந்து வாங்க எங்களோடு வந்தாள். பிரேக் நின்றது, விளக்கு எரிந்தது, ஹாரன் அடித்தது. முடிந்தது என்று நான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன். அப்போது அந்த இன்ஸ்பெக்டர், மூன்று வருஷமாக இந்த வண்டிக்கு முன்னால் ஒரு தடவைகூடக் குனியாத மனுஷன், மாயவன் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தின மனுஷன், கையில் ஒரு காகிதத்தோடு பின்கதவைத் திறந்து ஏறினான். ஒன்று, இரண்டு என்று பலகையை எண்ணினான். மூன்றாவதில் ஷூவால் தட்டினான். 'இந்த ஸ்டூலக் கழட்டு, பலகையத் தூக்கு' என்றான். வலது பக்கம் சேஸ் நீட்டின இடத்தில் தாரைச் சுரண்டச் சொன்னான். காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். இடது பக்க ஒட்டுக்குத் தகடு வைத்திருக்கிறது, வலது பக்கம் தகடு இல்லை, வெறும் வெல்டிங், தெரியாமலிருக்கத் தார் பூசியிருக்கிறது, நீட்டினது ஆர்.சி. புத்தகத்தில் ஏறவில்லை என்று. சுரண்டின இடத்தில் அவன் சொன்னது அத்தனையும் இருந்தது. யார் சார் இதெல்லாம் சொன்னது என்று கேட்டேன். மனு வந்திருக்கிறது, கலெக்டருக்கும் காப்பி போயிருக்கிறது, அதனால் நான் பார்த்தே ஆகவேண்டும் என்றான். டைப் அடித்த மனு, இங்கிலீஷில். அடியில் பேர் இல்லை. கூடவே குண்டூசி குத்தின உறையும் இருந்தது, அவன் காகிதத்தைத் திருப்பினபோது உறையின் முத்திரை என் பக்கம் வந்தது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். உன் கடித உறைகளில் மூன்று வருஷமாகப் பார்க்கிற அதே பம்பாய் முத்திரை.

உனக்கு ஒன்று தெரியவேண்டும், இதற்காகத்தான் இந்தக் கடிதம். மனு என்ற சொல் காதில் விழுந்ததும் பாஞ்சாலைக்கு வெறி பிடித்துவிட்டது. பக்தவச்சலம்தான் எழுதி வைத்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், வேறு யாரை நினைப்பாள். 'எங்கள லாரில ஏத்திக் கொல்லணும்னு எழுதினியே, எழுதின கை புழுத்துப் போவ, உன் வம்சம் வெளங்காமப் போவ' என்று கத்திக்கொண்டு அந்த மைதானத்தில் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரிவிட்டாள். தங்கையைப் பறிகொடுத்தவள் வயிறெரிந்து வாரின மண், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. நான் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அவள் உப்பு வாரி வாரிக் காய்ப்பு ஏறின கை, என்னால் தாங்க முடியவில்லை, என் புடவையிலும் தலையிலும் கொட்டிக்கொண்டு அந்த மண்ணை அவள் கையிலிருந்து பிரித்து எடுத்தேன். 'ஏன் அண்ணி தடுக்கறீங்க, அந்த மொதலாளிக்கா பரிஞ்சிக்கினு வர்றீங்க, அவன் உங்களுக்கு இன்னா ஒறவு' என்று கேட்டாள். அந்த ஆள் செய்த அக்கிரமத்துக்கெல்லாம் ஏச்சு வாங்காதவன், செய்யாத ஒன்றுக்கு அன்றைக்கு ஏச்சு வாங்கினான், நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து பாஞ்சாலை வண்டியில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏறுகிறாள், காசைக் கொடுக்கிறாள், எதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வண்டியில் பேச்சே குறைந்துவிட்டது. பக்தவச்சலத்தால் முடியாததை நீ பம்பாயில் இருந்துகொண்டு செய்துவிட்டாய்.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. நேராக வெல்டிங் பட்டறை இருசப்பனிடம் போனேன். அந்த ஒட்டு அவன் கையால் போட்டது, நீ பக்கத்தில் நின்றாய், வேறு ஒருவருக்கும் தெரியாது. அவன் யாரிடமாவது சொல்லியிருப்பானா என்று கேட்டேன். 'எனக்குக் கையெழுத்தே வராது, நான் எங்கம்மா மனு எழுதறது' என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். தகடு ஒன்றுக்குத்தான் இருந்தது, இன்னொன்று வாங்கி வரச் சொன்னேன், உங்கள் பிள்ளைதான், 'போதும்ணே, தாரப் பூசு, பலகையப் போட்டா எவன் பாக்கப்போறான்' என்று சொல்லிவிட்டது, டிக்கெட் எடுத்து வைத்துவிட்டேன், புதன்கிழமை ரயில் என்றது என்றான். ஒரு தகடு, தட்சணாமூர்த்தி. ஒரு நாள் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும்.

பட்டறையில் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது நானும் அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த வெல்டிங்கில் மேலிருந்து கீழே ஒரு கீறல் ஓடியிருந்தது. இருசப்பன் தீக்குச்சியை நுழைத்துக் காட்டினான், பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. அதற்கு நேர் மேலே இருந்த பலகையில்தான் என் முக்காலியின் ஆணி ஓட்டை மூன்றும். மனுவில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. பொய் மனுவாக இருந்திருந்தால் உன்னை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன். அது எப்படி இருக்கிறது என்று உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அதன் மேல் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பன்னிரண்டு பேர் கால் வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். மூன்று வருஷத்தில் முப்பது கடிதம் போட்டிருப்பாய், பம்பாயில் மழை என்று எழுதினாய், மாடி பஸ் என்று எழுதினாய், அம்மா அந்த மூன்றாவது பலகையைத் தூக்கி ஒரு தகடு வைத்துவிடு என்று ஒரு வரி எழுதினாயா. எப்போது உனக்கு அது ஞாபகம் வந்தது என்று நான் சொல்கிறேன். சேட்டுக்குப் பழைய கார் என்றால் உயிர், அங்கே வருஷத்துக்கு ஒரு நாள் அந்தக் காலத்துக் கார்களை எல்லாம் பூப்போட்டு ஊர்வலம் விடுகிறார்கள், நம் டாட்ஜை அவரிடம் கொடுத்தால் கூண்டைப் பிரித்துவிட்டு ஆதியில் இருந்தது போலவே ஆக்கிவிடுவார், அம்மா நீயும் பம்பாய்க்கே வந்துவிடலாம் என்று சித்திரை மாசம் எழுதினாய். முடியாது என்று எழுதினேன். ஆடி பிறந்ததும் மனு வந்தது. முத்திரை கிடைக்காவிட்டால் கிழவி வேறு வழியில்லாமல் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தாய். உன் அம்மா அடிபட்டுச் சாவாள் என்ற பயத்தில் எழுதியதாக நீ சொல்லலாம். அந்தப் பயம் சேட்டு கேட்கிறவரைக்கும் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தடவை போனது நேற்று. இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குத் தகடு வைத்து, மரையாணி போட்டு முடுக்கி, இருசப்பன் காசு வேண்டாம் என்று சொல்லியும் நான் கொடுத்துவிட்டேன். நீட்டினதைப் புத்தகத்தில் ஏற்ற எழுதிக் கொடுத்து அதற்கும் நாலு நாள் படியேறினேன். தார் பூசவில்லை. யார் வேண்டுமானாலும் பலகையைத் தூக்கிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். விடியற்காலை வண்டி எடுக்கும்போது பன்னிரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் வந்து ஏறினார்கள், பாஞ்சாலைதான் முதலில். ஒரு நாள் கூலி போகும் என்றேன், அவள் என்னிடம் பேசவில்லை, மாயவனிடம் 'எடு வண்டிய' என்றாள். மைதானத்தில் இன்ஸ்பெக்டர், 'இதுங்க எதுக்கு, எறங்கச் சொல்லு' என்றான். பாஞ்சாலை உட்கார்ந்த இடத்திலிருந்தே, 'இதுல போறது நாங்கதான சார், செத்தா நாங்கதான சாவணும், நீங்க எப்பிடிப் பாக்கறீங்கன்னு நாங்களும் பாக்கறோம்' என்றாள். அந்த ஆள் என்ன நினைத்தானோ, சுமையோடு ஓட்டிக் காட்டு என்று சொல்லி முன்னால் ஏறிக்கொண்டான். ரயில் கேட் வரைக்கும் போய், பள்ளத்தில் இறக்கி ஏற்றி, வேகத்தில் போகும்போது திடீரென்று நிறுத்தச் சொல்லி, இப்படி நாலு தடவை. நான் முக்காலியில் உட்கார்ந்து கீழே காலால் உணர்ந்துகொண்டே வந்தேன், ஒரு முனகல் இல்லை. திரும்பி வந்து அடியில் குனிந்து பார்த்தான், நிஜமாகவே குனிந்தான், வெள்ளைக் கால்சட்டையில் மண் ஒட்டியது. முத்திரை குத்திக் கொடுத்தான். மாயவன் வழக்கப்படி மடியில் கை வைத்தான், வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன், இன்ஸ்பெக்டரும் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. திரும்பும்போது பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், அப்பாவு எண்ணெய் டின்னோடு வந்தால் அவனையே பிடித்து முக்கிவிட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். பாஞ்சாலை மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

சேட்டிடம் சொல்லிவிடு, வண்டி கிடையாது. அதை ஆதியில் இருந்தது போல ஆக்கினால் அதில் ஏறப் போவது யார் என்று எனக்குத் தெரியும், இருபது வருஷம் உன் அப்பா கதவைத் திறந்துவிட்டுத் திறந்துவிட்டு அலுத்தது அதில்தான். உனக்குப் புத்தி சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இனிமேல் எதை எழுதினாலும் அடியில் பேர் போடு. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, உனக்குச் சூட்டு உடம்பு. தையல்நாயகிக்கு வளையலுக்கு ஏதாவது அனுப்புவதென்றால் அவளுக்கே நேரில் அனுப்பு, என் வழியாக வேண்டாம். பொங்கலுக்கு நீ இங்கே வரவேண்டும். வந்து, ஒரு நாள் விடியற்காலை பன்னிரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த பிறகு என் முக்காலியில் உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்து, மனு எழுதினது யார், தகடு வைக்காமல் விட்டது யார் என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். உனக்காக நான் சொல்ல மாட்டேன், உனக்காக மறைக்கவும் இனி என்னால் ஆகாது. தினமும் அவள் எதிரில் உட்கார்ந்துகொண்டு பக்தவச்சலத்தின் ஆள் என்று பேர் வாங்குவது நான்தான். உப்பளம் மழைக்கு மூடி மறுபடியும் தை மாசம் திறக்கிறவரைக்கும் பொறுப்பேன்.

கை காலோடு நன்றாக இரு, நீண்ட நாள் இரு. இதை மனசோடுதான் எழுதுகிறேன், அதற்காகத்தான் அன்றைக்கு அவள் கையைப் பிடித்தேன். இன்னொரு தடவை பிடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பேர் போட்டு எழுதுகிற உன் அம்மா,
ஞானாம்பாள்